பதிவேட்டில் ஏறாத வரி: ஓய்வுக்குப் பின் நாவல் எழுதிய ஒரு கிராம செவிலியர்

2019 மே மாதம் பணி ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர், 2024 கடைசியில் தன் முதல் நாவலை அச்சில் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 63. 34 ஆண்டு வேலை பார்த்தது முழுக்க ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாக் கரையில். ஓய்வுக்கும் நாவலுக்கும் இடையிலான ஐந்தரை ஆண்டுகளில் அவருடைய பிரதி இரண்டு முறை அடியோடு மாறி, மூன்று பிரதிகள் ஆனது. மூன்றையும் நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

நான் பள்ளியில் தமிழாசிரியர். மாலை நேரங்களில் சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பேன். ராமநாதபுரத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். அங்கேதான் அவர் வந்து சேர்ந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் தம்பி என்பார். இந்தக் கட்டுரையிலும் அவர் அக்காதான். பெயரோ, நாவலின் தலைப்போ, அவர் வேலை பார்த்த ஊரோ இதில் வராது. நாவலே புனைபெயரில்தான் வந்திருக்கிறது. "என் பேரைப் போட்டா ஊரு தெரியும். ஊரு தெரிஞ்சா வீடு தெரியும் தம்பி" என்றார். அவர் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இதை வெளியிடுகிறேன்.

எழுதிப் பழகிய கை

கிராம செவிலியரின் வேலையை ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதில் பாதி எழுத்து வேலை. ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர் என்பது கணக்கு. அத்தனை பேரில் யார் கர்ப்பம், யாருக்கு எத்தனையாவது, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அக்காவின் பொறுப்பில் மூன்று குடியிருப்புகள் இருந்தன. ஒன்று கடலோர மீனவர் தெரு, இன்னொன்று முஸ்லிம்கள் வாழும் தெரு, மூன்றாவது உள்ளே தள்ளிப் பனங்காட்டை ஒட்டிய சிற்றூர். ஒரு தெருவில் "நர்சம்மா". அடுத்த தெருவில் "லாத்தா", அதாவது அக்கா. மணலில் நடந்து நடந்து அவர் வாங்கிய செருப்புகளுக்குக் கணக்கில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து எழுதிய வரிகளுக்குக் கணக்கு இருந்தது, ஒன்றுவிடாமல்.

அவர் நினைவிலிருந்து எனக்குச் சொன்ன ஒரு பதிவு இப்படி இருக்கும்: "வயது 22. மூன்றாம் கர்ப்பம், உயிருடன் 2. ஹீமோகுளோபின் 8.2. இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்பட்டது. மறுவருகை 14." இதைக் கேட்டபோது எனக்கு ஆசையாக இருந்தது. இவ்வளவு குறைந்த சொல்லில் ஒரு பெண்ணின் நிலைமையைச் சொல்ல எத்தனை எழுத்தாளர்களால் முடியும்? அந்தச் சிக்கனம் நாவலுக்கு உதவும் என்று நினைத்தேன். அது உதவத்தான் செய்தது, ஆனால் மூன்றாம் பிரதியில். முதலில் அதுவே கழுத்தைப் பிடித்தது.

முதல் பிரதி

2019 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த பிப்ரவரிக்குள் நீளமான கணக்கு நோட்டுகளில் 412 பக்கம் எழுதிவிட்டார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் வண்டி வருகிற ஏழு மணி வரை எழுதுவது வழக்கம். நோட்டுகளை மஞ்சள் பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

1985-ல் வேலையில் சேர்ந்த நாளில் தொடங்கி ஓய்வு பெற்ற நாளில் முடியும் பிரதி அது. ஒவ்வொரு மனுஷியும் உள்ளே வரும்போதே வயது, கணவர் பெயர், எத்தனையாவது கர்ப்பம் என்ற விவரத்தோடு வந்தாள். ஒருத்தியும் வாய் திறந்து பேசவில்லை. "அவருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது", "குடும்பத்தினருக்கு எடுத்துரைக்கப்பட்டது", "உடனடியாக ஆம்புலன்ஸ் வரவழைக்கப்பட்டது." ஒரு பக்கத்தில் பென்சிலால் சுழித்துப் பார்த்தேன். பதினான்கு "ப்பட்டது" இருந்தன. யார் வழங்கினார்கள், யார் வரவழைத்தார்கள் என்பதே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் சைக்கிளில் போய்த்தானே வண்டியைக் கூட்டிவந்திருப்பார்? அலுவலகத் தமிழ் ஆளை மறைக்கும். பொறுப்பையும் சேர்த்தே மறைக்கும். கோப்புக்கு அது வசதி. கதைக்கு ஆள்தான் முதலில் வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு நாற்பது பக்கம் ஒதுக்கியிருந்தார். இலங்கை குறுக்கே இருப்பதால் ராமநாதபுரம் கரையின் பெரும்பகுதி அன்று தப்பியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அக்காவின் ஊரிலும் பெரிய சேதம் இல்லை. பிறகு ஏன் நாற்பது பக்கம் என்று கேட்டேன். "கடல்கரை நாவல்னா சுனாமி இருக்கணும்ல தம்பி?" என்றார். தொலைக்காட்சியில் பார்த்த நாகப்பட்டினத்தை அவர் தன் ஊரின் மேல் ஏற்றி எழுதியிருந்தார்.

குறைகளை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அறுபதை நெருங்குகிற ஒருவர், அவ்வளவு ஆசையோடு கொண்டுவந்தது. கடைசியில் அந்தப் பதினான்கு சுழிகள் உள்ள பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் பேச்சே இல்லை. நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை.

வயதைப் பற்றிய கேள்வி

திரும்ப வந்தபோது அவர் கேட்டது பிரதியைப் பற்றி அல்ல. "இந்த வயசுல ஆரம்பிச்சு யாராவது உருப்படியா எழுதியிருக்காங்களா? உண்மையைச் சொல்லுங்க."

தெரிந்ததைச் சொன்னேன். இங்கிலாந்தின் பெனலப்பி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு முதல் நாவல் வெளியான 1977-ல் வயது 60. அதுவரை பள்ளி ஆசிரியர் வேலை, மூன்று பிள்ளைகள், தேம்ஸ் ஆற்றில் ஒரு பழைய படகில் குடித்தனம் எல்லாம் பார்த்தவர். அந்தப் படகு வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1979-ல் புக்கர் பரிசு கிடைத்தது. தமிழில், மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துகொண்டிருந்த தோப்பில் முகமது மீரானின் முதல் நாவல் நூலாக வந்தது 1988-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. மத்திய அரசுப் பணியில் இருந்த பி.ஏ. கிருஷ்ணனின் முதல் நாவல் வந்தபோது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது.

அக்கா படகு வீட்டைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் படகு என்ன ஆச்சு என்றார். மூழ்கிப்போனது என்றேன். "அதுக்குப் பிறகு எழுதினாங்களா?" பல வருடம் கழித்து என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் பிரதி

2020 ஊரடங்கில் அவர் படித்த அளவுக்கு யாரும் படித்திருக்க மாட்டார்கள். என்னிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் வாங்கி ஐம்பது அறுபது நாவல்கள். நல்லதும் இருந்தது, சுமாரும் இருந்தது. அதன் விளைவு இரண்டாம் பிரதியில் தெரிந்தது. "செங்கதிரோன் நீலக்கடலின் மடியில் துயில் கலைந்தான்" என்று ஓர் அத்தியாயம் தொடங்கியது. மீனவப் பெண்கள் நெய்தல் திணைத் தலைவிகள் மாதிரி ஏங்கினார்கள். "ப்பட்டது" ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஓர் அடைமொழி நின்றது.

இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வேறு வேலை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்களின் பிரதிகள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. அநேகமாக எல்லாரும் இந்த இரண்டு இடங்களில்தான் நிற்கிறார்கள். ஒன்று அலுவலகத் தமிழ், அல்லது அதிலிருந்து தப்பிக்கப் பாடப்புத்தகத் தமிழ். சோழகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, மணலை வாரிக் கண்ணில் அடிக்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு 34 வருடம் நடந்தவர், கடலைப் பற்றி எழுதும்போது கடன் வாங்கியது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

கண் அறுவை சிகிச்சையும் கைப்பேசியும்

திருப்பம் நாங்கள் யாரும் திட்டமிட்டதல்ல. 2021-ல் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று முடிந்து இன்னொன்று என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு மாதம் சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, தூசியில் போகக்கூடாது, குனிந்து எழுதக்கூடாது. சும்மா இருக்கப் பிடிக்காமல் பேரனிடம் சொல்லிக் கைப்பேசியில் பேசினால் எழுதுகிற வசதியைப் போட்டுக்கொண்டார். அது அவர் பேச்சுக்குச் சரிப்படவில்லை. "லாத்தா" என்று சொன்னால் "லதா" என்று எழுதியது. சலித்துப்போய், எழுத்து வேண்டாம், குரலே இருக்கட்டும் என்று பதிவு செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்.

அந்தக் குரல் பதிவுகளில் ஒன்றை அப்படியே இங்கே தருகிறேன். ஒரு மதியம், சோறு வடித்துக்கொண்டே கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கு ஏழாம் மாசம். போறேன், வாசல்ல பாவாடை காயுது. கடல்தண்ணி பாவாடை தம்பி, வெயில்ல வெறைச்சுப்போய் நிக்கிது, தொட்டா ஒடிஞ்சிரும்போல. கீழ, வெரல்ல சுத்துற துணி, நாலஞ்சு துண்டு, ஒவ்வொண்ணுலயும் ரத்தக் கறை. அத்தைக்காரி சொல்றா, அவ பரமக்குடிக்குப் போயிட்டா நர்சம்மான்னு. சரித்தான்னுட்டு வந்துட்டேன். வந்து என்ன எழுதினேன்? கர்ப்பிணி வீட்டில் இல்லை. அவ்ளோதான் எழுதினேன்."

இந்தக் கரையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். படகில் போய் இறங்கி, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று கையால் பறிக்கிற வேலை. பாறை விரலைக் கிழிக்கும். அதற்குத்தான் துணி சுற்றிக்கொள்வார்கள். முகத்தில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து இந்தத் தொழிலுக்கும் வனத்துறைக்கும் இழுபறி. மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று பெண்களே தங்களுக்குள் முடிவு செய்துகொண்டது பிற்பாடு. அக்கா சொன்னது அதற்கு முந்தைய காலம், 2003-ம் வருடம். ஏழு மாதக் கர்ப்பத்தோடு அந்தப் பெண் பரமக்குடிக்கும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. கடலுக்குள் இருந்தாள். செவிலியர் திட்டுவார் என்று அத்தை பொய் சொன்னார். பாவாடையைப் பார்த்த செவிலியருக்கும் அது பொய் என்று தெரியும்.

412 பக்கத்தில் இது இல்லை. இரண்டாம் பிரதியிலும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். நீண்ட நேரம் சும்மா இருந்துவிட்டு, "அது நான் செஞ்ச தப்பு. தப்பை எப்படித் தம்பி எழுதுறது?" என்றார்.

பொய்ப் பதிவு

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து நடந்ததுதான். அந்தக் காட்சியை எழுதச் சம்மதித்தார். எழுதியும் கொடுத்தார், நான்கு பக்கம். மறுநாள் சாயங்காலம் கரையில் காத்து நின்றதும், படகிலிருந்து இறங்கிய பெண் வலைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டதும், இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் மாத்திரைப் பொட்டலம் கைமாறியதும் அதில் இருந்தன. அதற்கு மேல் நகரவில்லை. நடந்தது அவ்வளவுதான். அந்தப் பிரசவம் நல்லபடியாக முடிந்து, குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. நாவலுக்கு நடக்காத விஷயங்கள் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு கணவன், ஒரு கடன், கடலுக்குள் அவள் நினைத்துக்கொண்டது, இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. உண்டாக்க வேண்டும்.

அங்கே பேனா நின்றுவிட்டது. நடக்காததை எழுதுவது அவருக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை, பொய்ப் பதிவாகத் தோன்றியது. போடாத ஊசியைப் போட்டதாக எழுதுவதுபோல. அவருடைய உலகில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. போகாத வீட்டுக்குப் போனதாக எழுதிய ஒருத்தரைப் பற்றி இன்றைக்கும் கோபத்தோடுதான் பேசுவார். ஒரு எழுத்தாளர் நாளெல்லாம் செய்கிற வேலையை, 34 வருடம் செய்யவே கூடாதென்று பழகி வந்திருக்கிறார். தாமதமாக எழுத வருகிறவர்களுக்கு நேரமில்லை, மொழி வரவில்லை, கண் தெரியவில்லை என்று ஆயிரம் தடை சொல்வோம். கணக்கர், காவலர், நில அளவையர், செவிலியர் என்று உண்மையைப் பதிவதே தொழிலாக இருந்தவர்களுக்கு இந்தத் தடைதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் அப்படியே போனது. நான் சொன்ன சமாதானம் எதுவும் ஏறவில்லை. ஒருநாள் அவரே வந்தார். கையில் புது நோட்டு. "கர்ப்பிணி வீட்டில் இல்லைன்னு எழுதினேன்ல. நான் எழுதினதிலேயே பொய்ப் பதிவு அதுதான் தம்பி. அவ எங்க இருந்தான்னு இப்பவாவது எழுதணும்" என்றார்.

நோட்டின் முதல் வரி அதுவாகவே இருந்தது: "கர்ப்பிணி வீட்டில் இல்லை." அடுத்த வரியில் அந்தப் பெண் கடலுக்கு அடியில் இருந்தாள்.

மூன்றாம் பிரதி

இந்த முறை 34 வருடம் கிடையாது. ஒரே ஒரு கர்ப்பம். சோழகம் தொடங்குகிற மே மாதத்தில் மூன்றாம் மாதம், வாடைக்காற்று வந்துவிட்ட நவம்பரில் பிரசவம். இந்தக் கரையில் காற்று மாறினால் கடலின் குணம் மாறும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார்க் கடல் முரட்டுக் கடல், அப்போது வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அமைதி. வாடையில் அது அப்படியே மாறும். இரண்டு காற்றுக்குள் ஒரு வயிறு வளர்கிறது என்பதை அத்தியாயக் கணக்காக வைத்துக்கொண்டார். இந்த யோசனை என்னுடையதல்ல, முழுக்க அவருடையது. கர்ப்ப காலத்தை வாரம் வாரமாக எண்ணிப் பழகியவருக்கு நாவலின் காலத்தைப் பிடிக்க வேறு கருவி தேவைப்படவில்லை.

செவிலியர் பாத்திரம் நாவலில் உண்டு. ஆனால் கதையைச் சொல்வது அவர் அல்ல. அவர் வாசலுக்கு வருகிறார், பார்க்கிறார், போய்விடுகிறார். பல அத்தியாயங்களில் அவர் வரும்போது வாசகருக்குப் பயமாக இருக்கும். தன்னை இப்படி வெளியிலிருந்து பார்க்க அவரால் முடிந்தது எனக்கு ஆச்சரியம். முதல் பிரதியில் எப்போதும் சரியாகவே நடந்துகொள்கிற நர்சம்மா இதில் காணாமல் போயிருந்தார்.

பதிவேட்டுச் சிக்கனம் திரும்ப வந்ததும் இங்கேதான். ஒரு மரணத்தை இரண்டு வரியில் முடித்திருந்தார். "விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை எழுந்து போய்த் திரியைத் தணித்தாள்." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் பென்சிலைத் தொடவில்லை.

பேச்சு மொழிக்குக் குரல் பதிவுகள் உதவின. கதையை முதலில் பேசுவார், பிறகு தானே கேட்டு எழுதுவார். முஸ்லிம் தெருப் பேச்சும் மீனவர் தெருப் பேச்சும் தனித்தனியாக ஒலித்தன. "வாப்பா", "காக்கா" என்று வருகிற இடங்களில் சென்னை வாசகருக்காக அடிக்குறிப்பு போடலாமா என்று கேட்டேன். "படிக்கப் படிக்கத் தெரிஞ்சுக்குவாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பிரதியைப் பாசி எடுக்கிற பெண்கள் நான்கு பேருக்குத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். நானும் போயிருந்தேன். முதல் அத்தியாயம் முடிகிறவரை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு அம்மா, "கூடைன்னு எழுதியிருக்கீகளே, கடலுக்குள்ள கூடையை வச்சு என்ன பண்றது?" என்றார். வலைப்பையை எவ்வளவோ முறை பார்த்த அக்கா, அதைக் கூடை என்று எழுதியிருந்தார். இன்னொருவர் எழுந்து நின்று, பாறையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எப்படிக் கிள்ளுவது, மூச்சு முட்டும்போது காலை எப்படி உந்துவது என்று செய்து காட்டினார். அந்தப் பத்து நிமிடத்துக்காக மூன்றாம் அத்தியாயம் முழுவதும் திருத்தி எழுதப்பட்டது. இல்லை, அக்கா உட்கார்ந்து திருத்தி எழுதினார்.

தகவல் பிழைகளும் இருந்தன. 2003-ல் நடக்கிற கதையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை என்று எழுதியிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் தமிழ்நாட்டில் 2001-ல் வந்தபோது 45 நாள்தான். 61 ஆனது 2017-ல். இதைப் பிடித்தவர் ஒரு படகோட்டி. அந்தப் பதினாறு நாள் வித்தியாசம் ஒரு குடும்பத்தின் கடனை மாற்றும். ஆகவே அந்த அத்தியாயத்தின் வட்டிக் கணக்கையும் மாற்ற வேண்டியிருந்தது.

வெட்டிய 32 பக்கம்

கருச்சிதைவு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. மூன்று பெண்களின் அனுபவத்தைக் கலந்து, அடையாளத்தை மாற்றித்தான் எழுதியிருந்தார். இருந்தாலும் அதில் வருகிற ஒரு விஷயம் ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரியும். அவரைத் தேடிப் போய், படித்துக் காட்டி, கேட்டார். அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு நர்சம்மா. எழுதாதீங்க" என்றார்.

32 பக்கம். நாவலிலேயே வலுவான பக்கங்கள் என்று நான் நம்பியவை. பெயரே இல்லையே, ஊரே இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று வாதாடினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அக்கா வாதாடவில்லை. பக்கங்களைக் கிழித்து எடுத்து அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தார். வேறு படி இல்லை. ஒரு வீட்டுக்குள் நம்பி விடப்பட்டவர், வெளியே வந்து எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பதை நான் அவருக்குக் கற்றுத்தர முடியாது. நாவலில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கவனித்துப் படிக்கிறவர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லவில்லை.

அச்சும் கணக்கும்

2022 நடுவில் பிரதி முடிந்தது. ஒரு பதிப்பகம் வாங்கி வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் பதில் சொல்லவில்லை. 62 வயதுக்காரருக்குப் பதினான்கு மாதம் என்றால் என்ன என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இன்னொரு பதிப்பகம் பணம் கட்டினால் 300 படி போடுகிறோம் என்றது. வேறொருவர், "ராமேஸ்வரம் பக்கத்து நாவல்னு சொல்றீங்க, தனுஷ்கோடி இல்லையே?" என்று கேட்டார். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலும், அதில் சிக்கிய, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் இந்தக் கரையின் ஆறாத காயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் கரை என்றாலே அந்த ஒரு இரவுதான். அதற்குப் பிறகும் அறுபது வருடம் இங்கே ஆட்கள் பாசி எடுத்து, பிள்ளை பெற்று, வட்டி கட்டி வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அக்காவுக்கு அந்தப் புயலின்போது மூன்று வயது. தனக்குத் தெரியாததை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுனாமிக்கு நாற்பது பக்கம் எழுதியவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சிறு பதிப்பகம் தன் செலவில் கொண்டுவந்தது. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு இது முடிகிறது. முன்பு ஆயிரம் படி அடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்க வேண்டும், இப்போது நூறு நூறாகப் போட்டுக்கொள்ளலாம். விலை 280 ரூபாய், உரிமைத்தொகை 10 சதவீதம். முதல் வருடத்தில் 212 படி விற்றது. அக்கா கைக்கு வந்தது 5,936 ரூபாய்.

ஐந்தரை வருட உழைப்புக்கு 5,936 ரூபாய் என்றால் அவர் எதை வைத்து எழுதினார்? ஓய்வூதியத்தை வைத்துத்தான். 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் அரசுப் பணியில் சேர்ந்ததால் அவருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். காலை ஐந்திலிருந்து ஏழு வரை அவர் கவலையில்லாமல் உட்கார்ந்தது அந்த நிம்மதியில்தான். வயதான பிறகு எழுத வந்து சாதித்தவர்கள் என்று கொண்டாடும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்தத் திண்ணையில் எழுந்து நின்று மூச்சடக்கிக் காட்டினாரே, அந்த அம்மாவுக்கும் அறுபது வயது இருக்கும். அவர் சொல்கிற கதைகளை நான் கேட்டிருக்கிறேன். அவருக்குக் காலை ஐந்து மணி என்பது படகு கிளம்புகிற நேரம்.

குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம். மகனுக்கு முதலில் பிடிக்கவில்லை. ரிட்டயர்டு ஆன பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார், அதிலும் தவறில்லை. மருமகள்தான் காலை ஏழு வரை யாரும் அந்த அறைக் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொண்டார். தட்டச்சு செய்ததும் அவரே. தட்டச்சு செய்யும்போது ஓர் இடத்தில் அழுதுவிட்டு, "அத்தை, இது எங்கம்மா மாதிரி இருக்கு" என்றாராம். அக்காவுக்கு அதுவரை வந்த விமர்சனங்களில் அதுதான் பெரிது.

அப்புறம்

இரண்டாவது நாவல் தொடங்கிவிட்டார். அதில் நர்ஸ் இல்லை, பிரசவம் இல்லை. தொண்டிப் பக்கம், பாக் விரிகுடாக் கரையில் நடக்கிற கதை. தன் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். ஏன் தெரியாத இடம் என்று கேட்டேன். தெரிந்த இடத்தில் எல்லோரும் தன்னைப் பார்த்ததும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அங்கே போனால் யாரோ ஒரு கிழவி என்று விட்டுவிடுகிறார்கள் என்றார். வாரத்தில் இரண்டு நாள் போய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் ஒரு குரல் பதிவு வந்தது. காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. வத்தை என்கிற படகைக் கரையேற்றுகிறவர்கள் கூப்பாடு போடுவது பின்னால் கேட்கிறது. நடுவில் அக்கா யாரையோ கேட்கிறார்: "இந்தக் கட்டைக்கு என்ன பேருய்யா?" அந்த ஆள் சொன்ன பெயர் காற்றில் போய்விட்டது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்கிறார் அக்கா. பதிவு அதோடு நிற்கிறது.